பையோடு சேர்த்து எட்டு கிலோ

ஜனவரி 9

அண்ணிக்கு,

போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே சண்டையாகிவிடுகிறது. அதனால் மெயிலில் எழுதுகிறேன். நீங்களும் எழுதியே பதில் சொல்லுங்கள்.

எனக்கு என் நாய் மேனேஜர் வேண்டும்.

மூன்று மாதம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லித்தான் மேனேஜரை உங்களிடமும் அண்ணனிடமும் விட்டுவிட்டு வந்தேன். இரண்டரை வருஷம் ஆகிவிட்டது. தப்பு என்னுடையதுதான், ஒப்புக்கொள்கிறேன். முதலில் வேலை நிரந்தரமாகவில்லை. பிறகு, தங்கியிருந்த இடத்தில் நாய் வைத்துக்கொள்ளக் கூடாது என்றார்கள். இப்போது இரண்டும் சரியாகிவிட்டன. டிப்போவில் எனக்கு ஒரே ரூட், பகல் ஷிப்ட். தரைத்தளத்தில் வீடு, பின்பக்கம் அவன் ஓடுகிற அளவுக்குப் புல்தரை. பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்து கதவைத் திறந்தால், உள்ளே மூச்சு விடுகிற ஜீவன் ஒன்றுகூட இல்லை. அது எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அண்ணன் போன பிறகு அந்த வீட்டிலிருந்து நான் ஒரு குண்டூசிகூடக் கேட்கவில்லை. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவனைப் பற்றி எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல், எல்லாம் முடிந்த பிறகு போன் போட்டீர்களே, அதைப் பற்றியும் இப்போது பேசவில்லை. நாய் மட்டும் போதும்.

விமானக் கம்பெனியில் விசாரித்து, என்றைக்கு அனுப்ப முடியும் என்று தேதி சொல்லுங்கள்.

சின்னி


ஜனவரி 15

சின்னிக்கு,

பேசவில்லை என்று சொல்லிக்கொண்டே பேச வேண்டியதையெல்லாம் பேசிவிட்டாய். இருக்கட்டும்.

நாயை "அனுப்ப" வேண்டுமாம். ஸ்டாம்ப் ஒட்டித் தபால் பெட்டியில் போடுகிற சமாச்சாரமா இது? மூக்குக் கண்ணாடிக் கடையில் காலை ஒன்பதரைக்கு நின்றால் சாயங்காலம் ஏழு மணிவரை நான் உட்கார முடியாது. மத்தியானம் அரை மணி நேரம் சாப்பாட்டுக்கு விடுவார்கள். அந்த அரை மணி நேரமும், மூன்று நாள், விமானக் கம்பெனியின் பாட்டைக் கேட்டேன். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது என்று நடுநடுவே ஒரு குரல். அவ்வளவு முக்கியமென்றால் எடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே!

நாலாவது நாள் ஒரு பெண் எடுத்தாள். "பெட்டோட பயண நோக்கம் என்ன மேடம்?" என்று கேட்டாள். "என் நாத்தனாரோட கோபம்" என்றேன். அவள் ஃபாரத்தில் அப்படி ஒரு கட்டம் இல்லையாம்.

பிறகு என்ன இனம் என்றாள். "சப்பை மூக்கு. தூங்கினா குறட்டை விடுவார்" என்றேன். அவ்வளவுதான், "சாரி மேடம், சப்பை மூக்கு நாயைச் சாமான் ஏத்துற அறையில ஏத்த மாட்டோம். மூச்சு முட்டிடும்" என்று சொல்லிவிட்டாள். தனியாக அனுப்பவே முடியாது. யாராவது ஒருவர் கூடப் பயணம் செய்ய வேண்டும். பைக்குள் வைத்து, முன் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட வேண்டும். நாயும் பையும் சேர்ந்து எட்டு கிலோ. அதற்கு மேல் ஒரு கிராம் இருந்தாலும் ஏற்ற மாட்டார்களாம்.

மேனேஜரைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, என் எடையைக் கழித்துப் பார்த்தேன். அவர் மட்டும் ஒன்பது கிலோ முன்னூறு. பை இன்னும் வாங்கவே இல்லை.

இதற்குத் தேதி வேண்டுமென்றால் நீயே சொல்.

அண்ணி


ஜனவரி 20

அண்ணி,

நான் விட்டுவிட்டு வந்தபோது அவன் ஏழு கிலோ. வேளாவேளைக்கு என்னதான் போட்டீர்கள்?

எடையைக் காரணம் காட்டி இந்தப் பேச்சை முடித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். நேற்று டிப்போ கேன்டீனில் இதைச் சொன்னேன். கூட வேலை செய்கிறவர், தினமும் இரண்டு நாயோடு பஸ்ஸில் வருகிறவர், "எட்டு கிலோவுக்கு மேல இருந்தா நாய் இல்ல, சரக்கா?" என்று சிரிக்கிறார். என் பஸ்ஸில் ஒருவரையும் நான் எடை போட்டு ஏற்றியதில்லை. நூற்றிருபது கிலோ மனிதர் முழங்கையைப் பக்கத்துச் சீட்டில் வைத்துக்கொண்டு பறக்கலாம். என் நாய் ஒரு கிலோ கூடினால் விமானம் விழுந்துவிடுமோ?

வேறு யாரும் கூட வர வேண்டாம். நானே வருகிறேன். வீட்டுக்கு வர மாட்டேன். நீங்கள் விமான நிலையத்துக்குக் கொண்டுவந்து கொடுங்கள், வாங்கிக்கொண்டு அடுத்த விமானத்தில் திரும்பிவிடுகிறேன்.

இங்கே கேட்கிற காகிதங்களைக் கீழே எழுதியிருக்கிறேன். தோலுக்கு அடியில் சிப் வைக்க வேண்டும். வெறிநாய் ஊசி போட வேண்டும். முப்பது நாள் கழித்து ரத்தம் எடுத்துப் பரிசோதனைச்சாலைக்கு அனுப்ப வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். கிளம்புவதற்குப் பத்து நாளுக்குள் டாக்டர் சான்றிதழ். இதில் எதைத் தள்ளிப்போட்டாலும் வேண்டுமென்றே செய்வதாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

சின்னி


பிப்ரவரி 3

சின்னிக்கு,

வேண்டுமென்றே செய்கிறேனா? சரி, கேட்டுக்கொள்.

நேற்று லீவு போட்டு மேனேஜரை டாக்டரிடம் கொண்டுபோனேன். நவம்பரில்தான் வெறிநாய் ஊசி போட்டிருக்கிறது, அதனால் அந்த ஒன்றாவது மிச்சம் என்று தைரியமாக நோட்டை நீட்டினேன். டாக்டர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "சிப் வெச்சப்புறம் போட்ட ஊசிதாம்மா செல்லும். முன்னாடி போட்டது கணக்குல வராது" என்கிறார்.

"ஊசி உடம்புல இருக்கு இல்லையா டாக்டர்? எங்க ஓடிப்போயிடும்?"

"உடம்புல இருக்கும்மா. காகிதத்துல இல்ல."

சிப் வைத்து, அப்போதே இன்னொரு ஊசியும் போட்டார். மேனேஜர் சத்தமே போடவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பு அலமாரிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டு சாயங்காலம்வரை என் முகத்தில் விழிக்கவில்லை.

எடை விஷயம். காலையில் அரைக் கிண்ணம், மாலையில் அரைக் கிண்ணம், நடுவில் கேரட் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். இரண்டு வாரத்துக்கு முன்பே நானாக ஆரம்பித்துவிட்டேன், இருந்தும் ஒரு கிராம் குறையவில்லை. ஏன் என்று சனிக்கிழமை தெரிந்தது. எதிர்வீட்டுக் கணக்கு டீச்சர், ரிட்டயர் ஆனவர், நான் கடைக்குக் கிளம்பியதும் ஜன்னல் கம்பி வழியாக க்ரீம் பிஸ்கட் கொடுக்கிறார். கையும் களவுமாகப் பிடித்தேன்.

"வாயில்லா ஜீவன்மா, ஒண்ணே ஒண்ணுதானே குடுத்தேன்."

"டீச்சர், ஒரு நாளைக்கு ஒண்ணுன்னா வருஷத்துக்கு எத்தனைன்னு நீங்கதான் எனக்குச் சொல்லணும்!"

அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. உனக்கு நாய் அனுப்புகிற புண்ணியத்தில் எனக்கு இருந்த ஒரே பக்கத்துவீட்டுச் சிநேகிதமும் போயிற்று.

சிப்பைப் பதிவு செய்யும்போது உரிமையாளர் பெயர் கேட்டார்கள். இந்த நாட்டில் குடியிருக்கிறவர் பெயர்தான் வேண்டுமாம். என் பெயரைக் கொடுத்திருக்கிறேன். அதற்கும் ஒரு அர்த்தம் கண்டுபிடித்து எழுதாதே. நாய் எனக்கு வேண்டும் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

அண்ணி


மார்ச் 17

சின்னிக்கு,

போன கடிதத்துக்கு நீ பதில் எழுதவில்லை. உரிமையாளர் என்று என் பெயர் இருப்பது உறுத்துகிறது போலிருக்கிறது. உறுத்தட்டும்.

நேற்று ரத்தம் எடுத்தாயிற்று. முன்னங்காலில் ஒரு துண்டு முடியை மழித்து, நரம்பைத் தேடினார்கள். முதல் தடவை கிடைக்கவில்லை, இரண்டாம் தடவையும் கிடைக்கவில்லை. நான் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மேனேஜர் ஊசியைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உன் அண்ணனும் அப்படித்தான். அவர் நரம்பும் லேசில் கிடைக்காது. நர்ஸ் தட்டித் தட்டித் தேடும்போது என்னைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

எழுதக் கூடாது என்று நினைத்திருந்தேன். ஆனால் வருஷக்கணக்கில் நீ என்னைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவைத்திருப்பதை இனிப் பொறுக்க முடியாது. இரண்டாம் நாள் காலையில் உன் நம்பரைப் போடப் போனேன். உன் அண்ணன் போனைப் பிடுங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அவ வேலைக்குச் சேந்து நாலு மாசம்தான் ஆகுது. இப்ப லீவு கேட்டா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை டிஸ்சார்ஜ் ஆயிட்டு நானே சொல்றேன். நீ சொன்னே, அப்புறம் உன்கூடப் பேச மாட்டேன்."

டாக்டரும் வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகலாம் என்றுதான் சொன்னார். நான் சட்டையைத் தேய்த்துக்கூட வைத்துவிட்டேன். வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் காபி வேண்டுமென்று கேட்டார். வாங்கிக்கொண்டு திரும்பிவந்தேன், திரையை இழுத்துவிட்டிருந்தார்கள்.

சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? அவர் பேச்சைக் கேட்டுத் தொலைத்தேனே என்று எனக்கு அவர்மேல் வருகிற கோபத்தை நான் எங்கே போய்க் காட்டுவது? உனக்காவது திட்டுவதற்கு நான் இருக்கிறேன்.

பரிசோதனை முடிவு மூன்று வாரத்தில் வரும். எடை எட்டு கிலோ அறுநூறு.

அண்ணி


மார்ச் 29

அண்ணி,

உங்கள் கடிதம் வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. நாலு தடவை பதில் எழுதி நாலு தடவை அழித்தேன்.

வேலை போனால் போகட்டும் என்று சொல்ல எனக்கு ஒரு வாய்ப்பு கொடுத்திருக்க வேண்டும். அதை என்னைக் கேட்காமல் முடிவு செய்ய அவனுக்கு என்ன உரிமை? சின்ன வயதிலும் இப்படித்தான். எனக்கு நல்லது என்று அவனாக முடிவு செய்துவிடுவான், நான் கடைசியில் தெரிந்துகொள்வேன். போன வாரம் கடைசி ட்ரிப் முடிந்து காலி பஸ்ஸை டிப்போவுக்குக் கொண்டுபோகும்போது, அவனை வாய்விட்டுத் திட்டினேன். சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

கோபம் போய்விட்டது என்று எழுத மாட்டேன், அது பொய். ஆனால் எல்லாவற்றையும் உங்கள் தலையில் கட்டியது அநியாயம்.

டிப்போவில் ஜூன் மூன்றாவது வாரம் தொடங்கி விடுமுறை கேட்டிருக்கிறேன். கிடைத்தது. காலில் மழித்த இடத்தில் முடி வளர்ந்துவிட்டதா?

சின்னி


மே 31

சின்னிக்கு,

முடி வளர்ந்துவிட்டது. ரத்தப் பரிசோதனையும் பாஸ். உன் வீட்டிலேயே இவ்வளவு நல்ல மார்க் வாங்கியவர் இவர்தான்.

எடை ஏழு கிலோ ஐம்பது கிராம். பை எழுநூற்றைம்பது. மொத்தம் ஏழு எண்ணூறு. கடையில் மூக்குக்கும் காதுக்கும் மில்லிமீட்டர் கணக்கில் அளவெடுக்கிற ஸ்கேலை வீட்டுக்குக் கொண்டுவந்து, மேனேஜரை நிற்கவைத்து, உட்காரவைத்து, திரும்பவைத்து அளந்து பை வாங்கினேன். முதல் வாரம் அதைக் கண்டாலே உறுமினார். அடிப்பக்கம் போர்வையை மடித்துப் போட்டு, கேரட்டை உள்ளே வைத்தேன். இப்போது பையைக் கீழே வைத்தால் தானாகப் போய் உட்கார்ந்துகொள்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் பையோடு பஸ்ஸில் கூட்டிப்போய்ப் பழக்குகிறேன். இன்ஜின் சத்தத்துக்கு இப்போது பயமில்லை. தூக்க மருந்து கொடுக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், மூச்சு நின்றுவிடுமாம்.

இவ்வளவும் ஆன பிறகு, போன வாரம் விமானக் கம்பெனிக்காரர்கள் ஒரு மெயில் அனுப்புகிறார்கள். ஃபாரம் மாறிவிட்டதாம்! பழைய ஃபாரத்தில் நாயின் நிறம் என்று ஒரு கட்டம் இருந்தது, புது ஃபாரத்தில் "முதன்மை நிறம்", "துணை நிறம்". இதற்காக எல்லாவற்றையும் மறுபடி எழுத வேண்டும். போன் போட்டுக் கேட்டேன். "மூஞ்சி கறுப்பு, மிச்சம் பழுப்பு. எது முதன்மை?" பத்து நிமிடம் காக்கவைத்துவிட்டு, "அது உங்க விருப்பம் மேடம்" என்கிறார்கள். என் விருப்பம்தான் என்றால் எதற்கடா கேட்கிறீர்கள்!

இன்னொன்று. விமான நிலையத்தில் வாங்கிக்கொண்டு அப்படியே திரும்புவதாக எழுதியிருந்தாய். நடக்காது. மூன்று வருஷமாகப் பார்க்காத நாயைக் கூட்டத்தில் கைமாற்றி, பன்னிரண்டு மணி நேரம் சீட்டுக்கு அடியில் அடைக்க நான் விட மாட்டேன். நாலு நாளாவது இங்கே தங்கி அவரோடு பழகு. வீட்டுக்கு வந்தால்தான் நாய்.

நடு அறையைச் சுத்தம் செய்துவிட்டேன்.

அண்ணி


ஜூன் 21, ஞாயிறு காலை
(சாப்பாட்டு மேஜையில் வைத்தது)

அண்ணி,

பைக்குள் விரிக்கிற ஷீட் வாங்க நீங்கள் மருந்துக்கடைக்குப் போயிருக்கிறீர்கள். திரும்பி வரும்போது நான் இருக்க மாட்டேன். டாக்சி கீழே நிற்கிறது. மேனேஜரைக் கூட்டிப்போகவில்லை.

கோபத்தில் அந்தப் பையைத் தூக்கி எறிவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

அவனைப் பார்த்துக்கொள்வதற்கு நீங்கள் எழுதிக் கொடுத்த குறிப்பை இன்று காலை முழுக்கப் படித்தேன். பதினோரு பக்கம். இடது காதைச் சொறிந்தால் என்ன செய்ய வேண்டும், இடி இடித்தால் எங்கே ஒளிவான், குறட்டை நின்றால் எந்தப் பக்கம் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், குக்கர் விசிலுக்குக் குரைத்தால் அதட்டக் கூடாது, "வந்துட்டேன் சார்" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். ஒன்பதாவது பக்கத்தில், "இதெல்லாம் உனக்கே தெரிந்திருக்கும்" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஒன்றுகூடத் தெரியவில்லை அண்ணி. நான் விட்டுவிட்டு வந்தது இரண்டு வயதுக் குட்டி. அதன் பெயர் மட்டும்தான் இந்த நாய்க்கு இருக்கிறது.

என்னை அடையாளம் தெரியவில்லை என்று முதல் நாள் அழுதேன், நீங்கள் பார்க்கவில்லை. பிறகு பழகிவிட்டான், நல்லவன், என் மடியில்கூட உட்கார்ந்தான். ஆனால் தினமும் சாயங்காலம் ஏழு பத்துக்கு என் மடியிலிருந்து இறங்கிக் கதவுக்கு முன்னால் போய் நின்றுவிடுவான். நீங்கள் படியேறுகிற சத்தம் அப்போது எனக்குக் கேட்காது.

நேற்று பைக்கு ஒத்திகை பார்த்தோமே, அவன் சமர்த்தாக உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான். ஜிப்பை மூடிவிட்டு நீங்கள் சமையலறைக்குப் போய் குழாயைத் திறந்துவிட்டீர்கள். பாத்திரம் ஒன்றும் இல்லை, கழுவுவதற்கு. வெறும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

எனக்கு நல்லது என்று அண்ணன் என்னைக் கேட்காமல் முடிவு செய்தான் என்று கத்தினேன். நானும் இப்போது அதையேதான் செய்கிறேன், தெரிகிறது. கேட்டால் "கூட்டிப்போ" என்றுதான் சொல்வீர்கள். அதனால்தான் கேட்கவில்லை.

வியாழக்கிழமைதான் டாக்டர் சான்றிதழ் கொடுத்தார், அது வீணாகிறது. மன்னித்துவிடுங்கள்.

சின்னி


ஜூன் 22

சின்னிக்கு,

உனக்கு என்ன திமிர்!

ஐந்து மாதம். சிப், மறுபடி ஒரு ஊசி, மூன்று தடவை குத்தி ஒரு சொட்டு ரத்தம், மூன்று ஃபாரம், எதிர்வீட்டு டீச்சரின் சிநேகிதம், நான் கேட்ட விமானக் கம்பெனிப் பாட்டு. அந்தப் பாட்டு இப்போதும் கண்ணாடி துடைக்கும்போது தானாக வாயில் வருகிறது. எல்லாம் முடித்துத் தயாராக வைத்தால், மகாராணி மேஜைமேல் கடிதம் வைத்துவிட்டு டாக்சி ஏறிவிட்டாள்! ஷீட்டும் கையுமாக வந்து நின்றேன். மேனேஜர் பைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு, ஏன் யாரும் ஜிப்பை மூட வரவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு நான் என்ன பதில் சொல்வது?

நான் சமையலறையில் அழுதேனாம், இவள் கண்டுபிடித்தாளாம். ஆமாம், அழுதேன். அழுதால் கொடுக்க மாட்டேன் என்று அர்த்தமா? நேற்று முழுக்க உன்னைத் திட்டிக்கொண்டே இருந்தேன். மேனேஜர் அறைக்கு அறை என் பின்னாலேயே வந்து கேட்டுக்கொண்டார்.

இன்று காலை அந்தக் காகிதக் கட்டை எடுத்து மேஜையில் பரப்பினேன். சான்றிதழ் இருபத்தெட்டாம் தேதிவரை செல்லும். உரிமையாளர் என்று என் பெயர். உன்னிடம் ஒப்படைப்பதற்கு எழுதிய அதிகாரக் கடிதம்தான் பயனில்லாமல் போயிற்று, உரிமையாளரே கூட வந்தால் அது தேவையே இல்லையாம். ஒரு தடவைகூட முத்திரை விழாத பாஸ்போர்ட் ஒன்று பீரோவில் இருக்கிறது. உனக்குத் தெரியாது. நீ போன வருஷமே உன்னைப் பார்க்க வர வேண்டுமென்று நானும் உன் அண்ணனும் சேர்ந்து எடுத்தது. திடீரென்று வந்து நிற்கலாம், சொல்லாதே என்றார். அதிலும் அவர் பேச்சைத்தான் கேட்டேன்.

கடை முதலாளியிடம் மூன்று வாரம் லீவு கேட்டேன்.

"மூணு வாரமா? எதுக்கும்மா?"

"மேனேஜரோட வெளியூர் போறேன் சார்."

"எந்த மேனேஜரோட?" என்று அவர் கேட்ட முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பத்து வருஷத்தில் நான் எடுக்காத லீவையெல்லாம் தேதியோடு சொன்னேன். வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

ஆன்லைனில் விசா வாங்கி, டிக்கெட்டும் எடுத்தாயிற்று. நான் விமானத்தில் ஏறியதே இல்லை. காது அடைக்குமாம், வயிற்றைப் புரட்டுமாம். பயப்படுகிற நாயைப் பழக்க ஐந்து மாதம் கிடைத்தது, எனக்கு நாலு நாள்தான் இருக்கிறது. பரவாயில்லை, காலுக்கடியில் தெரிந்தவர் ஒருவர் இருப்பார்.

யாரோடு இருப்பது என்பதை அவர் அங்கே வந்து முடிவு செய்யட்டும். நானும் நீயும் முடிவு செய்து கிழித்தது போதும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு இருபதுக்கு இறங்குகிறோம். உன் பஸ்ஸை வேறு யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு, நேரத்துக்கு வந்து வாசலில் நில்.

அண்ணி